சுரமானியும் அதன் கப்பியும்: கம்பி மாற்றிய கையோடு ஒரு விமர்சனம்

பதினொன்றாம் வகுப்பு லேபுக்குச் சுரமானி (இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வெண்ணைச் சோதிக்கும் கருவி) வாங்க வேண்டும், ஒற்றைக் கம்பியா இரட்டைக் கம்பியா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். லேபில் இருக்கும் இரட்டைக் கம்பிச் சுரமானிக்குக் கம்பியும் கப்பியும் மாற்றி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும். ஒரு மீட்டர் மரப்பெட்டி, ஒரு முனை ஆணியிலும் மறுமுனை கப்பி தாண்டி எடைதாங்கியிலுமாக நிற்கும் கம்பி, அதைத் தாங்கும் நகர்த்தக்கூடிய இரண்டு கத்திமுனை, எடைதாங்கியில் செருகும் அரைக் கிலோ பிளவு எடைகள் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிரச்சினை கப்பி. பெட்டிக்கு வார்னிஷ் பளபளக்கிறது, அளவுகோல் பித்தளையில் பதித்திருக்கிறது, இழுவிசை முழுக்க எதன் வழியாக வருகிறதோ அந்தக் கப்பி மட்டும் ஒரு ஆணியில் செருகிய அலுமினியச் சக்கரம். 4 கிலோ தொங்கவிட்டால் கம்பியில் 39.2 நியூட்டன் இழுவிசை என்று மாணவர் நோட்டில் எழுதுவார். அச்சில் உராய்வு இருந்தால் பெட்டிமேல் உள்ள கம்பிக்கு அவ்வளவும் போய்ச் சேராது. 5 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் இரண்டரை சதவீதம் குறையும். ஒத்ததிர்வு நீளமும் (இசைக்கவையோடு சேர்ந்து கம்பி அதிரும்போது கத்திமுனைகளுக்கு இடையே உள்ள நீளம்) அதே விகிதத்தில் சுருங்கும். 0.5 மி.மீ. எஃகுக் கம்பி, 256 ஹெர்ட்ஸ் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்), 4 கிலோ என்றால் நீளம் 31.25 செ.மீ. வர வேண்டும். உராய்வோடு 30.5-க்குப் பக்கத்தில் நிற்கும்.

இதில் எரிச்சல் எதுவென்றால், பிழை வரைபடத்தில் தெரியவே தெரியாது. அச்சு உராய்வு சுமைக்கு ஏற்ப ஏறுவதால் நீளத்தின் இருமடியை இழுவிசைக்கு எதிராக வரைந்தால் அழகான நேர்கோடு வரும், ஆதிப்புள்ளி வழியாகவே போகும். அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதம் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இல் எழுதி வைத்த விதி சரியென்று டிக் போட்டுவிடுவோம். (எடைதாங்கியின் அரைக் கிலோவைச் சேர்க்க மறந்தால்கூட இந்த வரைபடம் பிடித்துக் கொடுத்துவிடும், கோடு ஆதிப்புள்ளியை விட்டு விலகும். கப்பியை அது பிடிக்காது.) பிடிக்க ஒரே வழி, அதே கம்பியில் ஒரு மீட்டர் வெட்டித் தராசில் போடுவது. 0.5 மி.மீ. எஃகு மீட்டருக்கு 1.53 கிராம். சோதனையிலிருந்து கணக்குப் போட்டு 1.61 வந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். சமையலறைத் தராசுக்கு இந்த வேலை வராது.

கம்பியை வெட்ட மனமில்லையா? எடைதாங்கியைக் கையால் லேசாகக் கீழே இழுத்து மெல்ல விடுங்கள். கம்பி பெட்டிப் பக்கம் திரும்பப் பார்க்கும், கப்பி விடாது. அதனால் பெட்டிமேல் இழுவிசை எடையைவிடக் கூடுதலாக நின்றுவிடும். ஒத்ததிர்வு நீளத்தைக் குறியுங்கள். அடுத்து எடைதாங்கியைச் சற்றே தூக்கி மெல்ல இறக்குங்கள். இப்போது இழுவிசை எடையைவிடக் குறைவு. மறுபடி குறியுங்கள். நல்ல கப்பியில் இரண்டு நீளமும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும். 5 சதவீத உராய்வு என்றால் வித்தியாசம் ஒன்றரை செ.மீ. எட்டும். சராசரி எடுத்தால் சரியான விடைக்கு மிக அருகில் வரலாம். எடையை ஏற்றிக்கொண்டே போய் ஒரு வரிசை, இறக்கிக்கொண்டே வந்து ஒரு வரிசை என்று எடுக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். நேரமில்லை என்று மாணவர்கள் முதல் வரிசையோடு நிறுத்திவிடுகிறார்கள், எல்லா அளவீடும் ஒரே பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சரிசெய்வது கஷ்டமில்லை. சக்கரத்தைக் கழற்றி, அச்சை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசினாகிவிடும். கம்பி அறுத்துச் சக்கரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். 608 பால் பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும்: உள்துளை 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. அதன்மேல் லேத்தில் கடைந்த பள்ளச் சக்கரம் ஒன்றைச் செருகினால் போதும். பேரிங்குக்குள் வரும் கெட்டி கிரீஸைக் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் விட மறக்காதீர்கள். அப்படியே மாட்டினால் பழைய கதைதான். விற்றவரிடம் கேட்டதற்கு, எல்லாப் பள்ளிக்கும் இதைத்தான் கொடுக்கிறோம் என்று பதில் வந்தது.

அடுத்து கம்பி. கூடவே வரும் சுருள் பல சமயம் மென்மையான கட்டுக்கம்பி. சுமையேற்றினால் நீளும், ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகாது, மடிப்பில்தான் அறும். கிடார் தந்தி நல்ல எஃகுதான், ஆனால் ஆணியில் சுற்றிக் கப்பி தாண்டித் தொங்க நீளம் பத்தாது. 25 எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமன் எண்) பியானோ வயரைச் சுருளாக வாங்குங்கள். விட்டம் 0.508 மி.மீ., 6 கிலோ தொங்கினாலும் அசராது.

கத்திமுனைகளையும் கவனியுங்கள். விளிம்பு தேய்ந்து தட்டையானால் கம்பி அதில் உரசித் தம்புரா மாதிரி இரையும். கச்சேரிக்கு அது அழகு, இங்கே நீளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போகும். அரத்தால் மீண்டும் கூராக்கலாம்.

இனி நல்லது. காகிதத் துண்டைக் கம்பியின் நடுவில் வைத்து, இசைக்கவையின் காம்பைப் பெட்டியில் ஊன்றி, துண்டு துள்ளி விழும் இடத்தைத் தேடுவதுதான் வழக்கம். செய்தித்தாளில் 3 மி.மீ. அகலத்துக்குக் கிழித்து மடித்தால் போதும். நோட்டுத் தாள் கனம், விழாது. ஆனால் இந்த முறையில் இரண்டு மூன்று மி.மீ. இழுபறி இருந்தே தீரும். அந்த இடத்துக்கு அருகில் வந்ததும் காகிதத்தை எடுத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். கவை ஒலிக்கும்போதே கம்பியை நடுவில் லேசாகச் சுண்டுங்கள். ஒலி ஏறி இறங்கும் விம்மல் கேட்கும். நொடிக்கு நான்கு விம்மல் என்றால் 4 ஹெர்ட்ஸ் வித்தியாசம். 31 செ.மீ. பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு 0.8 ஹெர்ட்ஸ் மாறும், ஆகவே கத்திமுனை 5 மி.மீ. நகர வேண்டும். எந்தப் பக்கம் நகர்த்தினால் விம்மல் மெதுவாகிறதோ அதுவே சரியான பக்கம். நகர்த்தியதும் கம்பியைக் கப்பியருகில் ஒருமுறை அழுத்தி விடுங்கள், ஏனென்றால் கத்திமுனை கம்பியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். பலமாகச் சுண்டினால் இழுவிசை கூடிச் சுருதி ஏறும். ஒலி கொஞ்சம் அடங்கிய பிறகு எண்ணுங்கள். விம்மல் நீண்டு, நீண்டு, கடைசியில் மரப்பெட்டி முழுவதும் ஒரே ஒலியாக நிற்கும் அந்த நொடிக்காகவே இந்தக் கருவியை மன்னிக்கலாம். மில்லிமீட்டரில் பாதி வரை காது சொல்லிவிடும். எந்த ஆப் போட்டாலும் இந்தப் பாடம் வராது. போனில் அதிர்வெண் அளக்கும் ஃபைபாக்ஸ் ஆப் இருந்தால் கவையில் பொறித்த எண் உண்மையா என்று பாருங்கள்; மேசையில் தட்டித் தட்டி முனை நசுங்கிய கவைகள் சொன்ன எண்ணில் நிற்பதில்லை.

இரட்டைக் கம்பியின் கதை வேறு. இரண்டையும் ஒரே சுருதியில் வைத்து ஒன்றைச் சுண்டினால் மற்றதில் உள்ள காகிதம் குதிக்கும். ஒத்ததிர்வை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது, கடைசி பெஞ்சு வரை எழுந்து பார்க்கும். ஆனால் அந்த இரண்டாவது கம்பி ஆணியில் முறுக்கியது, எடையில் தொங்குவதில்லை. அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் எஃகு மரத்தைவிட அதிகம் நீண்டு, 256-இல் சுமார் 1 ஹெர்ட்ஸ் இறங்கிவிடும். காலையில் சேர்த்த சுருதி மதிய வகுப்புக்கு ஆகாது. எடை தொங்கும் கம்பிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே ஒற்றைக் கம்பியே வாங்குங்கள். கடையில் எடைதாங்கியை இழுத்துவிடும் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். செய்ய விடாவிட்டால் சக்கரத்தை விரலால் சுண்டிப் பாருங்கள், இரண்டு சுற்றுகூடச் சுற்றாமல் நின்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம். எங்கள் லேபில் இருக்கும் இரட்டைக் கம்பிக்கு இன்றைய மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அதை யாராவது மாற்றாகக் கேட்டால் தருவதாக இல்லை.