மேன்-டிபி: தேடல் வரிசை பிறழும்போது கைகொடுக்கும் கையேட்டுக் கருவி

ஒரு கருவியின் புதிய பதிப்பை மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவிய பிறகும் கையேட்டுப் பக்கங்களைக் காட்டும் மேன் கட்டளை பழைய பதிப்பின் பக்கத்தையே திறந்தால், கையேடு சரியாக நிறுவப்படவில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு தேடும் வரிசையில்தான் இருக்கும். டெபியன், ஃபெடோரா, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வகைகளில் மேன் கட்டளையை வழங்கும் மேன்-டிபி தொகுப்பை, அந்த வரிசையை அது எவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிறது என்பதை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

கையேடுகளைத் தேட வேண்டிய அடைவுகளைக் குறிக்கும் மேன்பாத் சூழல் மாறி அமைக்கப்படாத வரை இதன் நடத்தை செம்மையானது. நிரல்களைத் தேடும் அடைவுகளைப் பட்டியலிடும் பாத் மாறியிலுள்ள ஒவ்வொரு அடைவுக்கும் இணையான கையேட்டு அடைவைத் தன் அமைவுக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே இணை ஏதும் குறிக்கப்படாவிட்டால், அந்த அடைவின் அருகிலேயே கையேட்டு அடைவு இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்கிறது. ஆகவே முதலில் இயங்கும் நிரலின் கையேடே பெரும்பாலும் முதலில் வருகிறது.

ஷெல்லின் தொடக்கக் கோப்பில் மேன்பாத் மாறிக்கு ஒரே ஓர் அடைவை மட்டும் மதிப்பாகக் கொடுத்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. இயல்பான பட்டியல் முழுவதும் புறக்கணிக்கப்பட்டு, எல்எஸ் கட்டளைக்குக்கூடக் கையேடு இல்லை என்ற பதில் வரும். மதிப்பின் இறுதியில் ':' இட்டால் இயல்பான பட்டியல் நம் அடைவுக்குப் பின்னால் சேரும். தொடக்கத்தில் இட்டால் முன்னால் சேரும். இடையில் '::' இட்டால் அந்த இடத்திலேயே செருகப்படும். இவ்வளவு நுட்பமான வசதி ஒரேயொரு குறியில் அடங்கியிருப்பது பாராட்டுக்குரியது. ஆனால், அமைவுக் கோப்பு புறக்கணிக்கப்படுகிறது என்ற எச்சரிக்கையை, தேடல் பட்டியலைக் காட்டும் மேன்பாத் கட்டளை மட்டுமே தருகிறது. அன்றாடம் பயன்படும் மேன் கட்டளை வாய் திறப்பதில்லை. இதைப் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

காரணத்தைத் தேடுவோருக்கு மேன் கட்டளையின் 'டபிள்யூ' விருப்பம் மிகுந்த துணை: பக்கத்தைத் திறக்காமல் அது இருக்கும் கோப்பின் முகவரியை மட்டும் சொல்லும். அதனுடன் 'ஏ' விருப்பத்தையும் சேர்த்தால் பொருந்தும் எல்லாக் கோப்புகளும் வரிசையாகத் தெரியும். எது எதை மறைக்கிறது என்பது உடனே விளங்கிவிடும்.

அடைவு வரிசை சரியாக இருந்தும் வேறு பக்கம் திறந்தால், எண்ணிட்ட பிரிவுகளாக வகுக்கப்பட்ட கையேட்டின் பிரிவு வரிசையைப் பார்க்க வேண்டும். பிரின்ட்எஃப் என்று கேட்டால் 1-ஆம் பிரிவிலுள்ள ஷெல் கட்டளையின் பக்கமே வரும். சி மொழிச் செயற்கூற்றுக்கு 3 என்ற எண்ணையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேன்செக்ட் மாறியின் வழியே இந்த வரிசையை மாற்றலாம் என்பதால், சி மொழியிலேயே நாள் முழுதும் பணியாற்றுவோர் 3-ஆம் பிரிவை முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது.