மனசு சரியில்லனா முதல்ல ரத்தம் குடுக்கணுமா, மனநல டாக்டர பாக்கணுமா?

நான் மதுரைல ஒரு லேப்ல ரத்தம் எடுக்குற வேலை பாக்குறேன், பதினாலு வருசமாச்சு. முன்னாடிலாம் சுகரு, கொழுப்புன்னு வருவாங்க, இப்ப கொஞ்ச வருசமா "எதுலயும் பிடிப்பே இல்ல தம்பி, என்னன்னு தெரியல, எல்லாத்தையும் பாத்து விட்ருங்க"னு வர்றவங்க ஜாஸ்தி. போன மாசம் ஒரு காலேஜ் பையன், பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களானு திரும்பிப் பாத்துட்டு, "அண்ணே செரட்டோனின் டெஸ்ட் இருக்கா, கம்மினு ரிப்போர்ட் வந்தா வீட்ல காட்டலாம்"னு கேட்டான். செரட்டோனின்ங்கறது மனநிலையோட சேத்துப் பேசுற ஒரு ரசாயனம், அதுக்கு டெஸ்ட் இருக்கு, ஆனா அது ஒரு வகை குடல் கட்டிக்காகப் பாக்குறது. ரத்தத்துல இருக்க செரட்டோனின் பெரும்பாலும் குடல்ல உருவாகி வர்றது, மூளைக்குள்ள என்ன நடக்குதுனு அது சொல்லாது. டிப்ரஷன் இருக்கு, இல்லனு சொல்ற ரத்த டெஸ்ட் இன்னைக்கு வரைக்கும் எந்த லேப்லயும் கெடையாது. சொன்னதும் பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு. அவனுக்குத் தேவை டெஸ்ட் இல்ல, அம்மா அப்பாட்ட நீட்டுறதுக்கு ஒரு காகிதம்.

அப்ப ரத்தம் குடுக்குறது வீணானு கேட்டா அதுவும் இல்ல. செல்லூர்ல ஒரு பெரியவர், தறி ஓட்டுனவரு, சுகருக்கு மெட்ஃபார்மின் பத்து வருசத்துக்கு மேல சாப்பிடுறாரு. பேரப்புள்ளைகள வையுறாரு, திடீர்னு அழுகுறாரு, வெள்ளன எந்திரிக்கிற மனுசன் எட்டு மணி வரைக்கும் சுவத்தப் பாத்து படுத்திருக்காரு. மகன் "வயசாயிருச்சு, அம்மா செத்ததுல இருந்து இப்படித்தான்"னு சொன்னாப்ல. நான் சுகருக்கு ஊசி குத்துறப்ப, செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல, பாதம் மரத்துப் போச்சு, நாக்கு எரியுதுன்னாரு. சுகர்னாலயும் கால் மரக்கும்தான், இருந்தாலும் டாக்டர்ட்ட சொல்லி வைட்டமின் பி12 பாருங்கனு சொல்லிட்டு வந்தேன். 200க்கு கீழ இருந்தாலே குறைவுனு சொல்லுவாங்க, அவருக்கு 140. மெட்ஃபார்மின் வருசக்கணக்குல சாப்பிட்டா பி12 எறங்கும், கேஸ் மாத்திரைய விடாம போடுறவங்களுக்கும் எறங்கும், அது தெரிஞ்ச விசயம். ஊசி போட ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல ஆளு பழையபடி திண்ணைக்கு வந்துட்டாரு. மரப்பு மட்டும் முழுசா போகல.

ரத்தசோகையும் அப்படித்தான், பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ எறங்குனா சோகைனு கணக்கு, 8, 9ல ஓடிட்டு இருக்கவங்கள "சோம்பேறி, எப்பப் பாத்தாலும் படுத்தே கெடக்கா"னு வீட்ல வையுறது நம்ம ஊர்ல எத்தன நடக்குது. முழு தைராய்டு குறைவும் அச்சு அசலா டிப்ரஷன் மாதிரியே இருக்கும், உடம்பு கனக்கும், பேச்சு மந்தமாகும், மறதி வரும். ஆக ரத்தம் பக்கம் வலுவான கட்சிதான்.

ஆனா அந்தக் கட்சியோட பெரிய ஓட்டைய எங்க வீட்லயே பாத்தேன். உசிலம்பட்டி பக்கம் எங்க மதினி, ரெண்டு மாடு, காலைல பால கறந்து சொசைட்டிக்கு இவங்கதான் கொண்டு போவாங்க. கொஞ்சம் கொஞ்சமா போறத நிப்பாட்டிட்டாங்க. நான் போயிருந்தப்ப தவிடு கலக்கிட்டு இருந்தாங்க, கை தொட்டித் தண்ணிக்குள்ள அப்படியே நிக்குது, மாடு மூஞ்சிய நீட்டி கைய முட்டுது, இவங்க எங்கயோ பாத்துட்டு இருக்காங்க. லேப்காரன் நான், என்ன செஞ்சேன், ரத்தம் எடுத்தேன். டிஎஸ்ஹெச், அதாவது தைராய்ட வேல செய்யச் சொல்லித் தூண்டுற ஹார்மோன், 6.9, எங்க மெஷின் கணக்குப்படி 4 சொச்சத்துக்கு மேல போனா அதிகம், தைராய்டே சுரக்குற டி4 ஹார்மோன் நார்மல். பாத்தியா தைராய்டுதான்னு வீடே நிம்மதியாயிருச்சு, டாக்டரும் மாத்திர எழுதுனாரு, மூணு மாசத்துல 2.8க்கு வந்துருச்சு, ஆனா மதினி கை இன்னமும் தொட்டிக்குள்ளதான் நின்னுச்சு. இந்த மாதிரி லேசான ஏத்தத்துக்கு, டி4 நல்லா இருக்கப்ப மாத்திர குடுத்தா சோர்வோ மனசோ மாறுதானு சோதிச்சுப் பாத்திருக்காங்க, 65 வயசுக்கு மேல உள்ள 700 சொச்சம் பேர வச்சு ஐரோப்பால செஞ்ச ஆராய்ச்சி 2017ல வந்துச்சு, பலன் இல்லன்னுதான் முடிவு. மதினிக்கு அவ்வளவு வயசு இல்லதான், ஆனாலும் நான் மூணு மாசத்த தின்னுட்டேன்னு இப்பவும் உறுத்துது.

அப்புறம்தான் மனநல டாக்டர். அவரு என்ன பண்ணுவாருனு எனக்கும் பெருசா தெரியாது, கூட உக்காந்து கேட்டேன். ரெண்டு வாரமா பெரும்பாலான நேரம் மனசு எறங்கியே இருக்கா, இல்ல பிடிச்ச விசயமே பிடிக்காம போச்சா, இந்த ரெண்டுல ஒண்ணு கட்டாயம் இருக்கணுமாம். அதோட தூக்கம், பசி, சோர்வு, கவனம், நம்மளால ஒண்ணுக்கும் ஆகாதுங்கற நெனப்பு, ஆளு மந்தமாகுறது இல்ல நெலகொள்ளாம தவிக்குறது, சாவு நெனப்பு, மொத்தம் ஒம்போதுல அஞ்சு. ஒம்போது கேள்வி ஃபார்ம் ஒண்ணு குடுத்தாங்க, 27 மார்க்குக்கு, 10 இல்ல அதுக்கு மேல வந்தா கவனிக்கணும், மதினி 17. அதுக்கப்புறம் அவரு கேட்டதுதான் முக்கியம்: எப்பயாச்சும் தூக்கமே இல்லாம நாலஞ்சு நாளு துள்ளிட்டு, பேச்சு நிக்காம, காச வாரி எறைச்சது உண்டா? இது எதுக்குன்னா, அந்தப் பக்கமும் போறவங்களுக்கு டிப்ரஷன் மாத்திரைய மட்டும் குடுத்தா ஏத்திவிட்ரும், அவங்களுக்கு வேற மருந்து. இத எந்த மெஷினும் கேக்காது. ஆம்பளைங்களா இருந்தா குடிய பத்தியும் நோண்டுவாங்க, நிப்பாட்டி மூணு நாலு வாரத்துல நெறைய பேருக்கு மேகம் தானா கலையும்.

இந்தப் பக்கம் குறைனா பொறுமை. மாத்திர வேல செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், முதல் வாரம் வயித்தப் பெரட்டும், ஒண்ணும் ஆகலனு விட்ருவாங்க. சரியானதும் நிப்பாட்டுறவங்க அதவிட அதிகம், சரியான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் ஓட்டணும். "தூக்க மாத்திர குடுத்து படுக்க வச்சுருவாங்க"னு அப்பத்தா சொன்னாங்க, அந்தத் தூக்க மாத்திரைய மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கிப் போடுறது பூராம் மனநல டாக்டர்ட்ட போகாதவங்கதான், அல்ப்ராசோலம்னு ஒண்ணு, பழகிட்டா விடாது. அதை ஒரு ஆப்ஷனாவே நான் எடுத்துக்கல.

கவுன்சிலிங்? லேசான கேஸுக்கு மாத்திரைக்கு சமமா நிக்கும், எண்ணத்தயும் பழக்கத்தயும் சேத்து மாத்துற வகை பேச்சு சிகிச்சை. ஆனா உசிலம்பட்டில இருந்து வாராவாரம் பஸ் ஏறி வரணும், மாட்ட யாரு பாக்குறது.

கோயில் தர்கா பத்தியும் சொல்லிருறேன். மதினிய பாண்டி கோயிலுக்கும் கூட்டிட்டுப் போயிருந்தாங்க, நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், போய்ட்டு வந்த அன்னைக்கு நாலு வாய் சோறு கூட எறங்குச்சு. தப்பு எதுன்னா அங்கயே நின்னுக்குறது. 2001 ஆகஸ்ட் 6, தர்கா இருக்க ஏர்வாடில, மனநோயாளிகள வச்சிருந்த கொட்டகை தீப்பத்துனப்ப சங்கிலில கட்டிக் கெடந்த 28 பேர் ஓடக்கூட முடியாம போயிட்டாங்க, ராம்நாட் பக்கம் இருக்கவங்களுக்கு மறக்காது. பின்னாடி அதே ஏர்வாடி தர்காவுல துவாவும் மருந்தும் சேத்தே குடுக்குற ஏற்பாட்ட கவருமெண்டே கொண்டு வந்துச்சு, எனக்கு அதுதான் சரினு படுது.

எம் பொழப்புக்கு எதிராவே ஒண்ணு சொல்றேன், "மனச்சோர்வு பேக்கேஜ்"னு எழுபது டெஸ்ட்ட கட்டி வித்தா வாங்காதீங்க. டாக்டர் வேற சொல்லாத வரைக்கும் ரத்த அணுக்கள், சுகர், டிஎஸ்ஹெச், பி12 இருந்தா ஆரம்பத்துக்குப் போதும். வைட்டமின் டி எல்லாருக்குமே கம்மியாத்தான் வருது, 18,000 பேருக்கு மேல வச்சு, பாதி பேருக்கு டி மாத்திரையும் மீதி பேருக்கு வெறும் மாத்திரையும் அஞ்சு வருசம் குடுத்துப் பாத்து டிப்ரஷன தடுக்கலனு 2020லயே வந்தாச்சு, எலும்புக்கு வேணும்னா சாப்பிடுங்க. முடி கொட்டுதுனு பயோட்டின் போடுறவங்க தைராய்டு குடுக்குறதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே நிப்பாட்டிட்டு வாங்க, சில மெஷின்ல டிஎஸ்ஹெச் பொய்யா கம்மி காட்டும், அப்புறம் என்ட்ட வந்து சண்ட போடக் கூடாது.

என்னைய கேட்டா ரத்தமும் டாக்டரும் ஒரே வாரத்துல நடக்கணும், ஒண்ணு முடியட்டும்னு இன்னொண்ண தள்ளி வைக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு, செத்துரலாம்னு நெனப்பு வருதுன்னா லேப் பக்கமே வர வேணாம், கவருமெண்டோட மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், ஆள தனியா விடாம நேரா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மத்தபடி ஓபிக்குப் போறவங்க பழைய ரிப்போர்ட்ட எடுத்துக்கங்க, இப்ப சாப்பிடுற மாத்திரைய அட்டையோட கொண்டு போங்க. "வெள்ளையா, ரவுண்டா இருக்கும் சார்"னு சொன்னா டாக்டர் என்னத்த கண்டுபிடிப்பாரு, முக்காவாசி மாத்திர வெள்ளையா ரவுண்டாத்தான் இருக்கு.