மும்பைத் தமிழர்கள் கவனத்துக்கு: "நீங்க பாதி, நாங்க பாதி" என்று வரும் அறக்கட்டளை

செம்பூர், மாட்டுங்கா, சயான், தாராவி பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். வெளிநாட்டில் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கப் போகும் பெண்பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறோம் என்று ஒரு அறக்கட்டளை நம் ஆட்களிடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒன்பது பெண்கள் சேர்ந்து 5,70,000 ரூபாயை அவர்களிடம் கொடுத்து ஏமாந்தோம். எங்கள் பணம் போனதைவிட, அந்தப் பணத்தை நம்பியிருந்த பெண்ணுக்கு ஒரு வருடம் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை. விசாரணை நடக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள் என்பதால் அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைத்தான் எழுதுகிறேன்.

நான் முப்பத்தோரு வருடம் இந்த ஊரில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். அந்தப் பெண் என் மாணவி. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் வீடு. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கொடுக்கிறவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மகள் எலக்ட்ரானிக்ஸ் முடித்து, இரண்டு வருடம் நவி மும்பையில் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பித்து, 2025 மே மாதம் ஜெர்மனியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் வாங்கிவிட்டாள். சான்றிதழ் சரிபார்க்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கான 18,000 ரூபாயைக்கூடத் தன் சம்பளத்திலிருந்தே கட்டியிருந்தாள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் விசாவுக்கு, ஒரு வருடச் செலவுக்கான பணம் கையில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பிளாக்டு அக்கவுண்ட். 11,904 யூரோவை மாணவி பெயரிலேயே போட்டு வைக்க வேண்டும், அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். அன்றைய விலைக்கு அது சுமார் 11,40,000 ரூபாய். வங்கிக் கடனுக்கு ஈடு காட்ட அவர்களிடம் ஒன்றும் இல்லை.

எங்கள் வீட்டு மாதச் சீட்டில் இருக்கும் பெண்கள்தான் முதலில் பேச்சை எடுத்தார்கள். சயான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தையல் கடை வைத்திருப்பவர் என்று எல்லாரும் சேர்ந்து கொடுத்தார்கள். ஒருவர் பேத்தி காதுகுத்துக்கு ஒதுக்கி வைத்திருந்ததை அப்படியே கொண்டுவந்து வைத்தார். இழுத்துப் பிடித்தும் பாதிதான் தேறியது.

அந்த நேரத்தில்தான் அந்த அறக்கட்டளைக்காரர் வந்தார். மாட்டுங்காவில் ஒரு விழா முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது "அக்கா, ஒரு பொண்ணுக்காக நீங்க அலையறதாக் கேள்விப்பட்டேன்" என்று பேச்சுக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும், சுத்தமான தமிழ். தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்று ஏற்படுத்திய பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931-இல் டாக்டர் பட்டம் வாங்கியவர். நம் பம்பாயிலேயே 1892-இல் ஜாம்ஷெட்ஜி டாடா மேல்படிப்புக்குக் கடன் உதவி தரும் நிதியைத் தொடங்கியபோது, முதலில் அதைப் பெற்றவர்களில் ஃபிரேனி காமா என்ற பெண் மருத்துவர் இருந்தார். இதையும் அவர் சொன்னார். எல்லாம் உண்மை. நானே வகுப்பில் வருடா வருடம் சொன்ன கதைகள். அவற்றை இன்னொருவர் வாயால் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நான் நம்பிவிட்டேன்.

திட்டம் இதுதான்: நாங்கள் பாதியை அறக்கட்டளைக் கணக்கில் போட வேண்டும். ஒரு பெரிய நிறுவனம் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்திலிருந்து அவர் மீதிப் பாதியைச் சேர்த்து, பதினைந்து நாளில் முழுத்தொகையையும் பெண்ணின் பிளாக்டு அக்கவுண்டுக்கு அனுப்பிவிடுவார். எங்களுக்கு வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீதும் உண்டு. ஜூன் 12 அன்று பணத்தை அனுப்பினோம். ரசீது வந்தது, பெண் பெயர் போட்டு வாழ்த்துக் கடிதமும் வந்தது. அவள் அம்மா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்.

ஜூலை முதல் வாரம் கணக்கு எண்ணோடு ஒரு பி.டி.எஃப். அனுப்பினார். கூடவே, "வெளிநாட்டுக்குப் பணம் போகணும்னா ஐந்து சதவீதம் டி.சி.எஸ். வரி கட்டணும், 57,000 ரூபாய், நாளைக்குள்ள வேணும்" என்று போன். என் வைப்பு நிதியை உடைக்க வங்கிக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, ஒரு மராத்திப் பெண், எதற்கு என்று கேட்டார். சொன்னதும் உட்கார வைத்து விளக்கினார். படிப்புக்காகத் தனிநபர் அனுப்பும் பணத்தில், ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்துக்கு மேல் போகிற பகுதிக்கு மட்டும்தான் 2025-இல் அந்த ஐந்து சதவீதம் இருந்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் கணக்குக்கு 7,000 ரூபாய்தான் வரும். அதையும் பணம் அனுப்பும் வங்கியே பிடித்துக்கொள்ளும், பிறகு வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இடையில் யாரும் கையை நீட்டி வாங்க வேண்டியதில்லை. "மேடம், அந்தப் பொண்ணு பேர்ல கணக்கைத் திறந்து நீங்களே இங்கிருந்து நேரா அனுப்பியிருக்கலாமே" என்றார். அந்த வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று ராத்திரியே பெண் பிளாக்டு அக்கவுண்ட் நடத்தும் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டாள். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று பதில் வந்தது. ரசீதில் இருந்த 80ஜி பதிவு எண்ணைத் தேடினோம், வேறு ஊர்க் கோயில் அறக்கட்டளை ஒன்றுடையது. சி.எஸ்.ஆர். விதியைப் பிறகுதான் படித்தேன். இந்தியாவுக்கு வெளியே நடக்கும் காரியம் அந்தக் கணக்கில் சேராது. மாநிலத்துக்காகவோ நாட்டுக்காகவோ விளையாடும் விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும் விலக்கு. ஜெர்மனிச் செலவுக்கு சி.எஸ்.ஆர். பணம் எப்படி வரும் என்று மாட்டுங்காவிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

அதன் பிறகு நாங்கள் செய்தது இன்னும் பெரிய தப்பு. பண மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யவில்லை. எங்களில் சிலர், "நம்ம ஊர்க்காரர், போலீஸ் வரைக்கும் போகணுமா, பேசிப் பார்க்கலாம்" என்றார்கள். பத்தொன்பது நாள் பேசினோம். அவரும் ஒவ்வொரு போனையும் எடுத்து, மரியாதையாகவே "அடுத்த திங்கள்கிழமை அக்கா" என்றார். நேரத்தோடு சொல்லியிருந்தால் பணம் கை மாறிப் போகும் கணக்குகளை வங்கிகள் முடக்கப் பார்க்கும். நாங்கள் புகார் கொடுத்தபோது ஒரு கணக்கில் 41,200 ரூபாய்தான் மிச்சம் இருந்தது. அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏமாற்றுக் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-இன் கீழ் எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது.

உண்மையாகவே பணம் தருகிறவர்கள் எப்படித் தருகிறார்கள் என்று இப்போது தேடித் தேடிப் படிக்கிறேன். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தரும் உதவித்தொகைக்கும், டெல்லியில் தலைமையகம் உள்ள இந்திய-அமெரிக்கக் கல்வி அமைப்பான யூசீஃப் (USIEF) நடத்தும் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. பிரிட்டிஷ் கவுன்சில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்கென்று தருவதற்கு, அதில் சேர்ந்திருக்கும் பிரிட்டன் பல்கலைக்கழகத்துக்கு நேராக விண்ணப்பிக்க வேண்டும். ஷ்லம்பர்ஜர் அறக்கட்டளை வளரும் நாடுகளின் பெண்களுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக 2004 முதல் தருகிறது. இதில் எதிலுமே பெண் வீட்டாரோ தெரிந்தவர்களோ முதலில் ஒரு தொகையைக் கட்டினால்தான் மீதி வரும் என்ற பேச்சு இல்லை.

கொடுக்கிறவர்களுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொடுப்பதை நிறுத்தாதீர்கள். கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கட்டும், அல்லது பல்கலைக்கழகம் கொடுத்த கணக்கில் நேராகக் கட்டுங்கள். நடுவில் எவ்வளவு நல்லவர் நின்றாலும் வேண்டாம்.

அக்டோபரில் வகுப்பு தொடங்கியது, அவள் இல்லாமல். விஷயத்தைச் சொல்ல தாராவிக்குப் போனபோது அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க என்ன செய்வீங்க டீச்சரம்மா" என்று சொல்லி இட்லி எடுத்து வைத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை. பழைய வேலையை விட்டிருந்ததால், பெண் இப்போது குறைந்த சம்பளத்துக்கு வேறு இடத்தில் இருக்கிறாள். மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். ஒன்பது பேரில் ஆறு பேர் மறுபடி மாதா மாதம் பணம் எடுத்து வைக்கிறோம்.

அந்த ஆள் முலுண்ட், டோம்பிவிலி பக்கம் இப்போது கூட்டங்களுக்கு வருவதாகக் கேள்வி. கையில் நீல நிற ஃபைல் இருக்கும், ஜானகி அம்மாளில் தொடங்குவார். அவரிடம் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் எங்களைப் போலப் பேசிக்கொண்டிருக்காமல் இன்றைக்கே 1930-க்குச் சொல்லுங்கள்.