பொங்கலுக்கு இரட்டைக் குழந்தைகளோடு: ஊருக்குப் போவதா, ஊரை இங்கே வரவழைப்பதா?

பண்டிகைக்கு ஊருக்குப் போவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லார் வீட்டிலும் டிக்கெட், நேரம், செலவு என்று கணக்குப் போடுவார்கள். எங்கள் வீட்டில் போன வருஷத்திலிருந்து கை கணக்கு மட்டும்தான். அழும் ஒரு குழந்தைக்கு இரண்டு கை வேண்டும். இரண்டும் சேர்ந்து அழுதால் நான்கு. வெந்நீர் ஊற்ற, பால் கலக்க ஐந்தாவதாக ஒன்று. அந்த ஐந்தாவது கை யாருடையது என்பதுதான் எங்கள் வீட்டில் ஓயாத பிரச்சினை.

மே மாதக் கடைசியில், கர்ப்பத்தின் 36-ஆவது வாரத்தில் பிறந்தவர்கள் எங்கள் குழந்தைகள் இருவரும். பையன் மூன்று நிமிடம் மூத்தவன். தீபாவளிக்கு ஐந்து மாதம், பொங்கலுக்கு ஏழரை. தீபாவளிக்குத் தாம்பரம் பக்கம் எங்கள் ஃபிளாட்டிலேயே இருந்துகொண்டு அப்பா அம்மாவை வரவழைத்தோம். பொங்கலுக்கு அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு ரயிலில் போய், அண்ணன் காரில் திரும்பினோம். ஆக, மூன்றையும் பட்டுப் பார்த்தாயிற்று. விமானத்தில் போகவில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். பஸ்ஸை யோசிக்கக்கூட இல்லை. பாதி ராத்திரியில் "கொஞ்சம் நிறுத்துங்க அண்ணே" என்று எத்தனை தடவை கேட்க முடியும்?

வீட்டிலேயே இருப்பது

கேட்கச் சுகமாக இருக்கும். பெட்டி கட்ட வேண்டாம், தொட்டில் பழகிய இடத்திலேயே இருக்கும், குழந்தை டாக்டர் நடக்கிற தூரத்தில். ஆனால் பண்டிகை வந்தால் சென்னையில் முதலில் காணாமல் போவது உதவிக்கு இருக்கும் ஆட்கள்தான். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குச் செஞ்சிப் பக்கம் ஊர். அவருக்கும் தீபாவளிதானே, ஐந்து நாள் போய்விட்டார். நடக்கிற தூரத்தில் இருந்த டாக்டரும் க்ளினிக்கைப் பூட்டிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

போதாததற்கு மழை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை நடுவீட்டுக்கே வந்துவிடும். பகலில் துணி நாப்பி, ராத்திரிக்கு டயப்பர் என்று வைத்திருந்தோம். ஒரு நாளைக்கு இருபதுக்குக் குறையாமல் ஈரத்துணி. ஹாலில் ஃபேனுக்குக் கீழே கொடி கட்டி, அதற்குள் குனிந்து குனிந்துதான் தீபாவளி கொண்டாடினோம். வெடி விஷயத்தில், தமிழ்நாட்டில் 2018-லிருந்து காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று நேரம் இருக்கிறது. அதை நம்பித் தூக்க நேரத்தைத் திட்டமிட்டது எங்கள் வெகுளித்தனம். பையன் சரவெடியிலும் தூங்கினான். பெண் ஒவ்வொரு வெடிக்கும் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டு, அண்ணனை எழுப்பும் வரை ஓயவில்லை.

ஆனால் அந்தத் தீபாவளியில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. பண்டிகைக்கு முன்னால் கூட்டம் முழுக்கத் தெற்கே போகும், முடிந்ததும் வடக்கே திரும்பும். நெல்லையிலிருந்து சென்னைக்குத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வரும் ரயிலில் ஆளே இல்லை என்றார் அப்பா. ஒரு வாரம் முன்புதான் டிக்கெட் போட்டிருந்தார். இருவருக்கும் கீழ்ப் படுக்கை. இந்த எதிர்த் திசை ரகசியத்தை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

வந்த பிறகு என்ன ஆனது என்றால், அம்மாவின் கைகளை அடுப்படி எடுத்துக்கொண்டது. அதிரசம், முறுக்கு, மூன்று வேளைச் சாப்பாடு. அப்பா குழந்தையைத் தூக்குவார், அழுதால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கூட்டிப் பார்த்தால் நிகர வரவு ஒன்றரைக் கை.

பொங்கலுக்கும் சென்னையிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்தபோது என் கணவர் போகியை ஞாபகப்படுத்தினார். விமானங்களே தாமதமாகும் அளவுக்குப் புகைமூட்டம் எழுந்த போகிகளைச் சென்னை பார்த்திருக்கிறது. இரண்டு குட்டி மூக்கை வைத்துக்கொண்டு அதற்குள் எதற்கு என்று அந்த யோசனையை விட்டோம்.

ரயில்

டிக்கெட் எடுப்பதுதான் இதில் பாதி வேலை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. காலை எட்டு மணிக்குத் திறக்கும்போது ஒருவர் கையில் போன், இன்னொருவர் கையில் லேப்டாப், குழந்தைகள் தரையில். ஐந்து வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் கிடையாது. இலவசம்தான், ஆனால் இலவசம் என்றால் உங்கள் படுக்கையில் பாதி போயிற்று என்று அர்த்தம். ரயில்வே 2022 மே மாதம் அன்னையர் தினத்தையொட்டி லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு ஒட்டி மடக்கும் குழந்தைப் படுக்கை ஒன்றைச் சோதனையாக வைத்தது. படம் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஒரு தாய்க்கு ஒரு குழந்தை என்று கணக்கு. நாங்கள் அதிலும் இடிக்கிறோம்.

வந்தே பாரத் சென்னைக்கும் நெல்லைக்கும் 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது, சுமார் எட்டு மணி நேரம். வேகம்தான், ஆனால் உட்கார்ந்து போகும் வண்டி. எட்டு மணி நேரம் ஆளுக்கொரு குழந்தையை மடியில் வைத்திருந்தால் ஐந்தாவது கை எங்கே? அதனால் நெல்லை எக்ஸ்பிரஸில் செகண்ட் ஏசி. அம்மா ஒரு வாரம் முன்பே எதிர்த் திசை வண்டியில் வந்து, எங்களோடு சேர்ந்து திரும்பினார். பெரியவர் மூன்று, கை ஆறு.

நாலு படுக்கைத் தடுப்பில் நாலாவது ஆள் கோவில்பட்டியில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர். எங்களைப் பார்த்ததும் முகம் வாடியதை நான் கவனித்தேன். திருச்சியைத் தாண்டி இரண்டு மணி வாக்கில் பெண் ஆரம்பித்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் திரும்பி உட்கார, சொல்லி வைத்தது போலப் பையனும் எழுந்தான். பால் பவுடரை அளந்து சின்ன டப்பாக்களில் தனியாக வைத்திருந்தோம், ஃபிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். முன்கூட்டியே கலந்து வைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது, அதனால் அவ்வப்போது கலப்பதுதான் வழி. இவர் போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு பவுடரைக் கொட்ட, வண்டி ஒரு குலுங்கு குலுங்கியதில் பாதி அம்மா சேலையில். அப்போது அந்தப் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். போச்சு, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இங்கன குடுங்க தாயி" என்று பையனை வாங்கித் தோளில் போட்டு, வெஸ்டிபியூல் வரை நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மகளுக்கும் இரட்டையாம். பால் கலந்து, ஆறவைத்து, கொண்டுபோய்க் கொடுக்கும்போது பையன் அவர் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தான்.

எட்டுக் கை! ரயிலுக்கு நான் மார்க் போடுவது இதனால்தான். வண்டியை வேறு யாரோ ஓட்டுகிறார், உங்கள் ஆட்களின் கை அத்தனையும் உங்களுக்கே. அதற்கு மேல் கிடைப்பது யோகம். (அதற்குக் கூலியாக, "உங்க வகையில ரெட்டை உண்டா?" என்ற கேள்விக்கு வண்டி நெல்லை போய்ச் சேரும் வரை பதில் சொல்லியாக வேண்டும். ஆணும் பெண்ணுமாகப் பிறக்கும் இரட்டைக்குத் தாய் வழியில் ஒரு போக்கு வரலாம். அதைச் சொன்னால் என் மாமியார் வீட்டார் நிம்மதியாகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை.)

கார்

வாசலில் ஏறி வாசலில் இறங்கலாம், எவ்வளவு சாமான் வேண்டுமானாலும் அடைக்கலாம் என்று அண்ணன் சொன்னது உண்மைதான். கொசுவலை இரண்டு, டயப்பர் மூட்டை, மஞ்சள் குலை, பனங்கிழங்கு, அரைக்கட்டுக் கரும்பு எல்லாம் வந்தது. ரயிலில் இதில் பாதிகூட நடக்காது.

ஆனால் ஓட்டுபவரின் கை கணக்கில் வராது. அண்ணன், இவர், நான் என்று மூன்று பேர் போனாலும் நாலு கைதான். சின்ன காரின் பின் சீட்டில் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டினால் நடுவில் மிஞ்சுவது ஒரு ஜாண். அதில் நான். இவர் முன்னால், அங்கிருந்து அவர் கை பின்னால் எட்டாது. ஆக, ஓடும் காரில் இரண்டு குழந்தைக்கு நான் ஒருத்தி. பெல்ட்டைக் கழற்றித் தூக்கவும் கூடாது. அழுதால் வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நின்றது. சாத்தூர் பக்கம் எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி தாண்டி முதல் தடவை, அப்புறம் மேலூர், சமயபுரம், திருமாந்துறை என்று ஊர் ஊராக. அழாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருக்கையிலிருந்து எடுத்துக் கிடத்தத்தான் வேண்டும். ஒருவருக்கு நிறுத்தினால் மற்றவர் எழுந்துவிடுவார், எழுந்தால் அவருக்கும் பால், பாலுக்குப் பின் துணி மாற்றல். ஒரு நிறுத்தத்துக்கு முக்கால் மணி. விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமையில் கிளம்பியது அதைவிடப் பெரிய தப்பு. விக்கிரவாண்டியிலேயே வண்டிகள் ஊர ஆரம்பித்தன; பரனூரில் சுங்கச்சாவடி விளக்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நெடுநேரம் அசையவில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வீட்டுக் கதவைத் திறந்தபோது இரவு பத்தரை.

காரில்தான் போக வேண்டும் என்றால் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்புங்கள், முதல் தூக்கம் முழுக்க ரோட்டுக்குப் போகும். ஞாயிறு வேண்டாம், செவ்வாய் புதன் என்று தள்ளிக்கொள்ளுங்கள். லீவு கிடைக்காதே என்பீர்கள். எங்களுக்கும் கிடைக்கவில்லை.

போய்ச் சேர்ந்த இடம்

வழியை மட்டும் ஒப்பிட்டால் ஒப்பீடு முடியாது. அம்பையில் (அம்பாசமுத்திரம்தான்) அம்மா, மதினி, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று கைகளுக்குப் பஞ்சமே இல்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நான் சூடான காப்பியைச் சூடாகக் குடித்தேன். தை மாத வெயிலில் துணி பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டுக்குக் காய்ந்துவிடுகிறது.

ஆனால் ஒவ்வொரு கைக்கும் ஒரு வாய் உண்டு. "நாக்குல ஒரு சொட்டுத் தேன் தடவுனா என்ன?" ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது என்று எத்தனை பேரிடம் சொல்வது? சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே வழக்கு. முந்திரியும் உப்பும் சேர்க்காமல் வெண்பொங்கலைத் தனியாகக் குழைத்து மசித்து எடுத்து வைத்து, அதுதான் அவர்களுக்குப் பொங்கல் என்று சமாதானம் செய்தோம். முற்றத்தில் பனையோலை எரித்துப் பொங்கல் விட்டபோது புகை படாமல் இருவரும் மாடியில்.

இரண்டாம் நாள் ஒரு கூத்து. கை நிறைய இருந்ததால் ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் போய் ஊட்டினார்கள். மத்தியானம் பெண் வாந்தியெடுத்தாள், பையன் சுவரைப் பார்த்து அழுதான். விசாரித்தால், அவளுக்கு இரண்டு பேர் ராகிக்கூழ் ஊட்டியிருக்கிறார்கள்; அவனுக்கு ஊட்டியாச்சு என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நான் போனில் ஆப் வைத்துக் குறிக்கிற ஆள், அங்கே யார் பார்ப்பார்கள்? அம்மா பேசாமல் சுண்ணாம்பை எடுத்து, பின்கட்டுக் கதவு நிலையில் இடது பக்கம் அவனுக்கு, வலது பக்கம் அவளுக்கு என்று கோடு போட ஆரம்பித்தாள். பால்காரர் கணக்கு மாதிரி. அதன் பிறகு ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

விமானத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி வரை ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு வயதுக்குள் மடியில் உட்காரலாம், ஒரு பெரியவருக்கு ஒரு குழந்தை மட்டும். ஆக இருவரும் கண்டிப்பாகப் போக வேண்டும், இறங்கி அம்பைக்கு மறுபடி கார். பொங்கல் வாரத்து விலையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். காசு இருப்பவர்கள் போகலாம், தப்பில்லை.

என் தீர்ப்பு: தீபாவளிக்கு வீடு, பொங்கலுக்கு ஊர். போக வர ரயில், கூட ஒரு ஆள், முடிந்தவரை எதிர்த் திசையில். வரும் தீபாவளிக்கு இரண்டும் நடந்துவிடும், ஆளுக்கொரு பக்கம் ஓடும். அப்போது கையோடு காலையும் எண்ண வேண்டியிருக்கும். அம்மாவிடம் ஒரு நிபந்தனை மட்டும் போட்டிருக்கிறேன்: அதிரசம் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.