மெம்டெஸ்ட்86+: புதுக் கணினி அடிக்கடி நின்றுபோனால் ஃபார்மட் அடிக்கும் முன் இதை ஓட்டுங்கள்

புதிதாக அசெம்பிள் செய்த கணினி ஒரே வாரத்தில் ப்ளூ ஸ்கிரீன் காட்டத் தொடங்கினால், பெரும்பாலானவர்கள் முதலில் கைவைப்பது விண்டோஸில்தான். ஃபார்மட் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி அரை நாளைச் செலவழிக்கிறார்கள். கோளாறு ரேமில் இருந்தால் அந்த உழைப்பு வீண் என்பதோடு முடிவதில்லை. புதிதாகப் பதியும் விண்டோஸும் அதே ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. பதியும்போதே கோப்புகள் சிதைந்தால், பிறகு நல்ல ரேம் வாங்கிப் போட்டாலும் கிராஷ் நிற்காது. ரேம் நல்லதுதானா என்று தெரியாமல் விண்டோஸைத் தொடவே கூடாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை மென்பொருள். விண்டோஸ் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும்.

விலை ஏதும் இல்லை. மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. 2004-இல் பழைய மெம்டெஸ்ட்86-இலிருந்து பிரிந்து வந்தது. 2013-இல் 5.01 பதிப்போடு பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. 2022 அக்டோபரில் 6.00 பதிப்பாகப் புதிதாக எழுதப்பட்டு வந்த பிறகு யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) உள்ள போர்டுகளிலும், புதிய தலைமுறை டிடிஆர்5 ரேமிலும் ஒழுங்காக ஓடுகிறது. பழைய பென்டிரைவில் 5.01 கிடந்தால் அழித்துவிடுங்கள். புது போர்டில் அது பூட் ஆகாமல் போகலாம், பூட் ஆனாலும் நம்பும்படியாக இருக்காது. பெயரில் கூட்டல் குறி இல்லாத மெம்டெஸ்ட்86 வேறு பொருள். பாஸ்மார்க் நிறுவனம் வெளியிடும் அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும் (எல்லாச் சோதனைகளும் ஒருமுறை ஓடி முடிவது ஒரு சுற்று). மைக்ரோசாஃப்ட் கையொப்பம் இருப்பதால் செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத மென்பொருளைப் பூட் ஆகவிடாத பாதுகாப்பை) அணைக்காமலே ஓடுவது அதில் உள்ள வசதி. இரண்டுமே நல்லவை. இரவு முழுக்க ஓட விடுவதற்குச் சுற்று வரம்பில்லாத மெம்டெஸ்ட்86+ தான் வசதி.

ரேம்தான் காரணம் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: பிழையின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறும். இன்று ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’, அடுத்த நாள் ‘ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. நடுவில் பிரவுசர் டேப் தானாக விழும், பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் கோப்பு சிதைந்திருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி பிழை வரும். எப்போதும் ஒரே டிரைவர் கோப்பின் பெயரே திரையில் வந்தால் முதல் சந்தேகம் அந்த டிரைவர் மேல்தான் விழ வேண்டும்.

ஓட்டுவது எளிது. அதிகாரபூர்வ தளத்தில் பென்டிரைவுக்கான இன்ஸ்டாலர் இருக்கிறது. பல ஐஎஸ்ஓ கோப்புகளை ஒரே பென்டிரைவில் வைத்து பூட் செய்யும் வென்டாய் பழக்கம் உள்ளவர்கள் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே அதில் போட்டுக்கொள்ளலாம். பென்டிரைவிலிருந்து பூட் ஆகாவிட்டால் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்பே, டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். புது மடிக்கணினிகளிலும் பல டெஸ்க்டாப்புகளிலும் பிட்லாக்கர் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், செக்யூர் பூட் மாறியதும் விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும். கையில் இல்லையென்றால் டிஸ்கில் உள்ளது அத்தனையும் பூட்டப்பட்டுவிடும்.

திரையில் சோதனைகள் 0 முதல் 10 வரை வரிசையாக ஓடும். ஒவ்வொரு நினைவக இடத்திலும் ஒரு மாதிரியை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வேலை. கடைசிச் சோதனை மட்டும் எழுதிவிட்டுச் சில நிமிடம் சும்மா காத்திருந்து, பிட்கள் மங்கிவிட்டனவா என்று பார்க்கும். திரை அசையவில்லையே என்று அப்போது பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். முதல் சுற்று சுருக்கமானது. அது முடிந்து பெரிய எழுத்தில் பாஸ் என்று வந்தாலும் நிறுத்தக் கூடாது. குறைந்தது நான்கு சுற்று ஓட வேண்டும். 32 ஜிபி ரேமுக்கு அது பல மணி நேர வேலை, ஆகவே தூங்கப் போகும்போது போட்டுவிடுங்கள்.

பிழை வந்தால் சிவப்பு வரிகள் விழும். அதில் பார்க்க வேண்டியது இரண்டு எண்கள்: எழுதியது என்ன, படித்தது என்ன. எழுதியது 00000000, வந்தது 00000400 என்று இருந்தால் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆகப் புரண்டிருக்கிறது. அடுத்தடுத்த வரிகளிலும் அதே 400 திரும்பத் திரும்ப வந்தால், ஒரு சிப்போ ஒரு பின் தொடர்போ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறினால் வேகமோ வோல்டேஜோ மெமரி கன்ட்ரோலரோ ஒத்துவரவில்லை என்று கொள்ளலாம். முடிவைக் கோப்பாகச் சேமித்துத் தராது, திரையைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வாரன்டிக்குப் போகும்போது அந்தப் படம் பேசும். ‘நாலு மணி நேரத்தில் ஒரே ஒரு பிழைதானே’ என்று சமாதானம் சொல்லும் கடைக்காரரை ஏற்காதீர்கள். ரேமில் ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை பூஜ்யம்தான்.

எந்த நிலையில் ஓட்டுகிறோம் என்பதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியில் 6000 என்று அச்சிட்டிருக்கும் டிடிஆர்5 ரேம் தானாக அந்த வேகத்தில் ஓடாது. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற வேக அமைப்பைப் போட்டால்தான் ஓடும், அதுவும் ஓவர்க்ளாக் (உறுதி தந்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) கணக்கில் சேர்ந்ததே. ஆகவே இரண்டு முறை ஓட்ட வேண்டும். முதலில் பயாஸை டிஃபால்டுக்குக் கொண்டுவந்து, பிறகு எக்ஸ்போ போட்டு. டிஃபால்டில் சுத்தம், எக்ஸ்போவில் பிழை என்றால் ரேம் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. பயாஸை அப்டேட் செய்து பாருங்கள், வேகத்தை 6000-இலிருந்து 5600-க்கு இறக்கிப் பாருங்கள். நான்கு ரேம் குச்சி போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரைசன் 7000 ப்ராசசருக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு குச்சிக்கு 5200, நான்கு குச்சிக்கு வெறும் 3600. நான்கையும் 6000-இல் ஓட்டிக் கிராஷ் வாங்கிவிட்டு ரேம் கம்பெனியைத் திட்டுவதில் நியாயம் இல்லை. 64 ஜிபி வேண்டுமானால் 32 ஜிபி குச்சி இரண்டு, அதுவும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்ததை வாங்குங்கள்.

டிஃபால்டிலும் பிழை வந்தால் குச்சிகளைக் கழற்றுங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி, மிச்சம் இருக்கும் மின்னை வடிய விட வேண்டும். ஒரே ஒரு குச்சியை ஏ2 ஸ்லாட்டில், அதாவது ப்ராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டும்தான் கிளிப் இருக்கும். கிளிப் இல்லாத பக்கம் முழுதாக இறங்காமலே மறுபக்கம் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு முனையையும் தனித்தனியாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இந்த ஒரு அழுத்தத்தோடு தீர்ந்துபோன ‘ரேம் பிரச்சினைகள்’ நிறைய. பிறகு கணினியைப் போட்டதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். ரைசன் 7000 பொருந்தும் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேமைப் பழக்க (அதற்கேற்ற அமைப்பைப் போர்டே தேடிக்கொள்ள) அவ்வளவு நேரம் பிடிக்கும், பதறி அணைக்காதீர்கள்.

முதல் குச்சி தேறினால் அதே ஸ்லாட்டில் இரண்டாவதைப் போட்டு ஓட்டுங்கள். ஒன்று மட்டும் தோற்றால் அதுதான் குற்றவாளி, ஜோடியாக வாங்கியதை ஜோடியாகவே வாரன்டிக்கு அனுப்புங்கள். இரண்டுமே ஏ2-வில் தோற்று பி2-வில் தேறினால் சந்தேகம் போர்டின் மேலும், சாக்கெட்டில் ப்ராசசர் உட்கார்ந்த விதத்தின் மேலும் போகிறது. கூலரின் ஸ்க்ரூக்களை ஒரு பக்கம் மட்டும் இறுக்கியிருந்தால்கூட ஒரு மெமரி சேனல் விட்டுப்போவது உண்டு. குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

இனி இந்த மென்பொருளின் குறைகள். இது ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. கேபினட்டுக்குள் கேம் ஆடும்போது ஏறும் சூடும், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மேல் விழும் சுமையும் இங்கே இல்லை. டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே ஒற்றை பிட் திருத்தம் இருப்பதால் சின்னக் கோளாறு வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்ளவும் செய்யும். இதில் தேறிய ரேம், விண்டோஸுக்குள் ஓடும் ஓசிசிடி, டெஸ்ட்மெம்5 போன்ற சோதனை மென்பொருள்களில் தோற்பதுண்டு. பிழை காட்டினால் அப்படியே நம்பலாம், தேறினால் அடுத்த இடத்தைத் தேட வேண்டும்.

அடுத்த இடம் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவர். கணினி ஒழுங்காக அணையாமல் நின்றதைச் சொல்லும் கெர்னல் பவர் 41 பதிவு மட்டும் இருந்து, அதன் பக்செக் எண் (ப்ளூ ஸ்கிரீன் பிழை எண்) 0 என்றால் விண்டோஸ் விழுந்த காரணத்தைக் குறித்துவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ், ப்ராசசருக்குப் போகும் 8 பின் கேபிள், கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஒரே கேபிளில் கிளை பிரித்துக் கொடுத்த இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் போட்டு ஒருநாள் ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. டபிள்யூஹெச்இஏ லாகர் 18 என்ற வன்பொருள் பிழைப் பதிவு இருந்தால் வன்பொருளே கோளாறைச் சொல்லியிருக்கிறது, பெரும்பாலும் ப்ராசசர் பக்கம்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிகப்படியான வோல்டேஜ் கேட்டு ப்ராசசரே தேய்ந்துபோகும் கோளாறை இன்டெல் 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. கிராஃபிக்ஸ் கார்டில் இடம் தாராளமாக இருந்தும் கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வருவது அதன் பெயர்பெற்ற அறிகுறி. 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்கள் வந்தன. போர்டு கம்பெனியின் கடைசி பயாஸைப் போட்டால் அவை சேர்ந்தே வரும். ஆனால் அது இனிமேல் தேய்வதைத் தடுக்குமே தவிர, தேய்ந்ததை மீட்காது. கிராஷ் தொடர்ந்தால் மாற்றித்தரக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட டெஸ்க்டாப் மாடல்களுக்கு வாரன்டியை இன்டெல் இரண்டு ஆண்டு கூட்டியிருக்கிறது, பெட்டியோடு வாங்கியதற்கு மொத்தம் ஐந்து ஆண்டு. பில்லையும் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.