ஓடும் படமா, நிற்கும் படமா?

மேலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 1980களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அறிவியல் அறையில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று 16 மி.மீ. ஃபிலிம் புரொஜெக்டர். இன்னொன்று ஃபிலிம்ஸ்டிரிப் காட்டும் சின்னப் பெட்டி. இன்றைக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. ஆனாலும் எந்தப் பாடத்துக்குப் படம் ஓட வேண்டும், எதற்கு நிற்க வேண்டும் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ஃபிலிம்ஸ்டிரிப்பைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. 35 மி.மீ. ஃபிலிமில் வரிசையாக 40, 50 நிலைப்படங்கள். நீட்டினால் ஒரு மீட்டர் சொச்சம். சுருட்டினால் குங்குமச் சிமிழ் அளவு டப்பாவுக்குள் அடங்கிவிடும். குமிழைத் திருகினால் அடுத்த படம் வரும். திருகாத வரை அதே படம் திரையில் நிற்கும்.

ஃபிலிம் அப்படி நிற்காது. நொடிக்கு 24 படம் ஓடும். 400 அடி ரீல் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்களே என்று நடுவில் நிறுத்தினால், பல கருவிகளில் விளக்குச் சூட்டிலேயே ஃபிலிம் பொசுங்கிவிடும். ஓரத்துத் துளைகளைக் கருவியின் பற்சக்கரத்தில் சரியாக மாட்டாவிட்டால் கிழியும். அதோடு அறை நன்றாக இருட்டாக வேண்டும். பங்குனி வெயிலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி 60 பிள்ளைகளை உட்கார வைத்தால் பாதிப் படத்திலேயே வேர்த்துக் கொட்டும். ஸ்டிரிப்புக்குப் பாதி இருட்டு போதும், பிள்ளைகள் நோட்டில் எழுதக்கூட முடியும்.

செலவு, சிரமம் எல்லாவற்றிலும் ஸ்டிரிப் பக்கம்தான் தராசு சாயும். ரீல் இரவலாக வரும், உடனே திருப்பி அனுப்ப வேண்டும். ஸ்டிரிப் பள்ளியிலேயே கிடக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஃபிலிம் மட்டுமே செய்யக்கூடிய வேலைகள் உண்டு. இதய வால்வு திறந்து மூடுவதை நிலைப்படத்தில் எத்தனை அம்புக்குறி போட்டுக் காட்டினாலும் பிள்ளைக்குப் பிடிபடாது. அவரை விதை முளைப்பதை ஸ்டிரிப் ஆறு படமாகக் காட்டும். வேர் வளைந்து நெளிந்து மண்ணைத் தேடி இறங்குவதைப் பல நாள் படமெடுத்து ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டியபோது வகுப்பே வாயடைத்து உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அசைவுதான் பாடம் என்றால் ஓடும் படத்துக்கு ஈடு கிடையாது.

மற்ற பாடங்களுக்கு? என் மனசு ஸ்டிரிப்போடுதான். காரணம் மொழி. பாசனம் பற்றி வந்த ஒரு ஃபிலிமில் விளக்கக் குரல் "ஏரி, ஏரி" என்றே பேசியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கண்மாய். படம் முடிகிற வரை அவர்கள் அதை வேறு எங்கோ இருக்கிற சமாச்சாரமாகத்தான் பார்த்தார்கள். அதே பாடத்துக்கு ஸ்டிரிப் போட்டபோது பேசுவது நான்தானே! கண்மாய், தண்ணீர் திறந்துவிடும் மடை, மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கு என்று எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னேன். மடைப் படம் ஒன்றிலேயே கால் மணி நேரம் நின்றுவிட்டோம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டால் யார் வயலுக்கு முதலில் பாயும், முறை தப்பினால் என்ன சண்டை வரும் என்று கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து விளக்கினான். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன்.

சரி, இன்றைய வீடியோவில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறதே, இரண்டின் நன்மையும் கிடைத்துவிட்டதே என்று கேட்கலாம். கருவியில் கிடைத்துவிட்டது, உண்மைதான். பழக்கத்தில்தான் இன்னும் வரவில்லை. வீடியோவைப் போட்டுவிட்டு அது முடிகிற வரை ஒதுங்கி நிற்கிற வகுப்புகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் ஃபிலிமை நிறுத்த முடியாமல் நின்றோம். இப்போது முடிந்தும் நிறுத்துவதில்லை.

இளம் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். இதயப் பாடத்துக்கு வீடியோவையே எடுங்கள். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டி, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அப்புறம் சத்தத்தோடு இன்னொரு முறை. பாசனப் பாடத்துக்கு வீடியோவே வேண்டாம். ஊர்க் கண்மாய்க்குப் போய் கரை, மடை, கலுங்கு, வாய்க்கால், வயல் என்று போனில் 12 படம் எடுத்து வரிசையாக அடுக்கிக்கொள்ளுங்கள். பழைய ஸ்டிரிப் தயார். அடுத்த படத்துக்கு எப்போது போவது என்பதை மட்டும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.