கெல்ஸ் சுவடியில் தங்கமா? 280 யூரோ விட்ட கதை

அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ‘புக் ஆஃப் கெல்ஸ்’ என்ற, கையால் எழுதி வண்ணம் தீட்டிய பழைய பைபிள் நற்செய்திச் சுவடியை இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அன்றைக்கு எந்தப் பக்கம் விரித்திருக்கிறதோ அதுதான் நமக்கு வாய்த்தது. கிறிஸ்துவின் பெயர்ச்சுருக்கமே பக்கம் முழுக்கப் பின்னிக்கிடக்கும் 34ஆம் ஏடு இரண்டு முறையும் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

இணையத்தில் ஒருவர் அதே ஏட்டின் நகலை விற்றார். முழுக்கக் கையால் வரைந்தது, கன்றுத்தோல், 23 காரட் தங்க ரேக்கு என்று போட்டிருந்தார். (அந்தத் தோலை ஆங்கிலத்தில் சொல்வதுபோல் ‘வெல்லம்’ என்று எழுதினால் பொங்கல்தான் நினைவுக்கு வரும், விடுங்கள்.) விலை 280 யூரோ. வாரக்கணக்கில் உட்கார்ந்து வரைகிற வேலை அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பார்சல் வந்தது. தாளைத் திருப்பினேன், இரண்டு பக்கமும் ஒன்றுபோல வழுவழு. நிஜத் தோலில் மயிர் இருந்த பக்கம் சற்றே மஞ்சளாக, நுண்துளைகளோடு இருக்கும்; ஈரக் கையில் கொஞ்ச நேரம் வைத்தாலே நெளியும். இது அசையவில்லை. அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்தேன். பக்கத்தின் அடியில் மீனைக் கவ்விய நீர்நாய் ஒன்று இருக்கும், எனக்கு உயிர். அதன் முதுகில் தூரிகைக் கோடு ஒன்றுகூட இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப் பொடிப் புள்ளிகள். சுத்தமான பிரிண்டர் வேலை.

தங்கம்தான் பெரிய கூத்து. சுமார் 1,200 ஆண்டுக்கு முந்தைய கெல்ஸ் சுவடியில் தங்கமே கிடையாது. அதில் மின்னும் மஞ்சள், அரிதாரம் என்கிற தாதுப்பொடி வண்ணம். இது தெரிந்திருந்தால் விளம்பரத்தைப் பார்த்ததுமே நகர்ந்திருப்பேன். அசலில் இருப்பது அரிதாரம், எனக்கு வந்ததோ அரிதாரம் பூசிய அச்சு! பிற்காலச் சுவடிகளில் தங்கம் உண்டு, சரி. சுண்ணக்கலவை மேட்டில் ரேக்கை ஒட்டி மெருகுக்கல்லால் தேய்த்தது என்றால், நம் தஞ்சாவூர்ப் படம் மாதிரி சாய்த்துப் பார்க்கையில் புடைப்புத் தெரியும். என்னுடையதை நகத்தால் சுரண்டினேன், சாக்லேட் தாள் மாதிரி உரிந்து வந்தது.

விற்றவரிடம் கேட்டால், விளம்பரத்தின் கடைசி வரியைப் பாருங்கள் என்கிறார். ‘கையால் மெருகேற்றியது’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது, அதாவது அச்சின்மேல் கொஞ்சம் கைவேலை, அவ்வளவுதான். திருப்பி அனுப்பும் செலவு என் தலையில்; வேண்டுமானால் 40 யூரோ தருகிறாராம்.

வாங்க நினைப்பவர்கள் பின்பக்கப் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம், பாதி வரைந்த நிலையில் ஒரு படம் கேளுங்கள். நிஜமாக வரைகிறவர் இவற்றைத் தரத் தயங்கமாட்டார்.

கார்டு கொடுத்த வங்கியில் புகார் போட்டிருக்கிறேன். சான்றுக்கு அந்த நீர்நாய்ப் புள்ளிகளைப் போனில் ஏழெட்டு முறை எடுத்து அனுப்பினேன். நேற்றுப் பார்த்தேன், விளம்பரம் அப்படியே இருக்கிறது, விலை மட்டும் 310.